கப்பல் இல்லாத காட்சிக்கூடம்: நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரும் கடல்சார் அருங்காட்சியகத்தின் பெரும்பொருள்களும்



கடல்சார் அருங்காட்சியகம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவன பெரும்பொருள்களே. கப்பலின் உடல், பாய்மரம், நங்கூரம், பீரங்கி, நீராவிக் கொதிகலன் ஆகியவற்றின் முன் நிற்பவர் முதலில் வியக்கின்றனர். பின் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றனர். வியப்பைப் பொருளின் பருமனே தந்துவிடும். விளக்கத்தை மனிதர் திட்டமிட்டு அமைத்தாக வேண்டும். அமைத்ததைப் பல தலைமுறைக்குப் பேணவும் வேண்டும்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர் கடல் கடந்து வந்தவர்கள். அவர்களைச் சுமந்து வந்த கப்பல்களுள் ஒன்றுகூட இன்று இல்லை. அவ்வாறாயின் அக்கடற்பயணத்தை எந்தப் பொருளைக்கொண்டு அடுத்த தலைமுறைக்குக் காட்டுவது என்பதே இவ்வுரையின் வினா. பெரும்பொருள் கையில் இருந்தும் பேணமுடியாமல் இழந்த அருங்காட்சியகங்கள் உலகில் உள்ளன. பொருளின் ஒரு சிறு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு வரலாற்றையே நிலைநிறுத்தியவையும் உள்ளன. இரண்டையும் ஒப்பிட்டால் நமக்குரிய விடை கிடைக்கும் என்பது என் துணிபு.

1. ஒரே நீரிணை, இருவகைக் கப்பல்கள்

போர்ட்டிக்சன் கடற்கரைக்குத் தெற்கே தஞ்சோங் துவான் முனை நீண்டிருக்கிறது. போர்த்துகீசியர் இதனைக் கேப் ரச்சாடோ என்றனர். 1606ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இம்முனைக்கு அப்பால் ஒரு பெருங்கடற்போர் நடந்தது. மலாக்காவை முற்றுகையிட்டிருந்த டச்சுக் கப்பற்படைக்குக் கொர்னேலிஸ் மத்தேலிஃப் தலைமை தாங்கினார். கோவாவிலிருந்து வந்த போர்த்துகீசியப் படையை அரசப்பிரதிநிதி மார்த்திம் அஃபோன்சோ த காஸ்ட்ரோ நடத்தினார். அப்போரில் எரிந்து மூழ்கிய டச்சுக் கப்பல்களுள் ஒன்று நாசாவ். அது 1995இல் அகழாய்வு செய்யப்பட்டது. அதிலிருந்து மீட்கப்பட்ட பொருள்களை இன்றும் லுக்குட் அருங்காட்சியகத்தில் காணலாம்.

மாணவர்கள் இதில் கருதவேண்டுவது ஒன்றுண்டு. நாசாவ் ஐரோப்பியரின் கப்பல். இக்கரைக்கு வந்து குடியேறிய எவரையும் அது ஏற்றிவரவில்லை. ஆயினும் அது மூழ்கியதால் எஞ்சியது. எஞ்சியதால் காட்சிக்கு வந்தது. இம்மாநிலத்துத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இறக்கிவிட்ட கப்பல்கள் பத்திரமாகக் கரை சேர்ந்தன. அதனாலேயே அவை எஞ்சவில்லை. வேலை முடிந்ததும் உடைக்கப்பட்டன.

அவற்றுள் தோட்ட மக்களின் நினைவில் நிலைத்த பெயர் ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்திற்காகக் கிளாஸ்கோ நகரில் 1926இல் கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 140 மீட்டர். எடையளவு 8,000 டன்னுக்கு மேல். தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்றும் உரிமம் பெற்றிருந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள்களை ஏற்றிப் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் சென்றடையும். ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய கிள்ளான் துறைமுகம். அங்கிறங்கியோர் ரயிலேறிச் சிரம்பான் வந்து, லாபு, சிலியாவ், ரந்தாவ், லிங்கி, பகாவ் எனப் பல திசைத் தோட்டங்களுக்குப் பிரிந்தனர்.

அக்கப்பலுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இயங்கியது. 1907இல் உருவான குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்றுத் தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது. ஊருக்கு அனுப்பப்பட்ட கங்காணிகள் ஆள் திரட்டினர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். பினாங்கில் இறங்கியோர் ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு நிலையத்தைக் கடந்து வந்தனர். 1938இல் இந்திய அரசு இம்முறையிலான தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. அதன்பின்னும் ரஜூலா ஓடியது. உறவினரைக் காணச் சென்றோரும் வணிகரும் குடும்பத்தோடு திரும்பியோரும் அதில் பயணம் செய்தனர். 1973இல் இந்தியக் கப்பற் கழகத்திற்கு விற்கப்பட்டு, ரங்கட் எனப் பெயர் மாற்றப்பட்டு, 1974இல் பம்பாயில் உடைக்கப்பட்டது.

ரஜூலாவின் இணைக்கப்பல் ரோனா. அதுவும் 1926இல் கட்டப்பட்டது; அதே வழித்தடத்தில் தமிழரை ஏற்றியது. இரண்டாம் உலகப்போரில் படைக்கப்பலாக மாற்றப்பட்ட ரோனா, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மானிய வான்தாக்குதலில் மூழ்கியது. 1,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும் கப்பலின் பணியாளர் நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். அவ்வீரர்களுக்கு அமெரிக்காவில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டுள்ளது. ரோனா அமெரிக்கரின் நினைவில் ஒரே ஒரு நாளுக்காக வாழ்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்துவந்த தமிழரின் நினைவைப் பேசுவதற்கு அத்தகைய சின்னம் ஏதும் நமக்கில்லை.

2. பெரும்பொருளின் பெருஞ்செலவு

கப்பல் உடைக்கப்பட்டதற்கு வருந்துகிறோம். ஆனால் அது உடைக்கப்படாமல் நம் கையில் தரப்பட்டிருந்தால் காத்திருப்போமா? இதற்கு விடை சொல்வது இந்தியாவின் விக்ராந்த். இந்தியக் கடற்படையின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான அது 1997இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. 2001இல் மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாயிற்று. உப்புநீரில் நிற்கும் இரும்பு நாள்தோறும் அரிக்கப்படுவது. பழுதுபார்க்கும் செலவை நிலையாக ஏற்க எவரும் முன்வராமையால், 2012இல் பாதுகாப்புக் கருதி அது மூடப்பட்டது. 2014இல் உடைக்க விற்கப்பட்டது. அதன் உலோகத்தின் ஒரு பகுதியைக்கொண்டு மோட்டார் சைக்கிள்கூடச் செய்தனர். நாட்டின் பெருமிதமே ஆயினும், பராமரிப்புத் திட்டம் இல்லாத பெரும்பொருள் நிலைக்காது என்பது இதன் பாடம்.

செல்வ நாடுகளுக்கும் இது எளிதன்று. சுவீடன் நாட்டின் வாசா என்னும் போர்க்கப்பல் 1628இல் தன் முதற்பயணத்திலேயே மூழ்கியது; 1961இல் தூக்கப்பட்டது. ஊறிய மரம் உலர்ந்து சுருங்கிவிடாதபடி 17 ஆண்டுகள் அதன்மீது பாலியெத்திலீன் கிளைக்கால் கரைசலைத் தெளித்தனர். 2000ஆம் ஆண்டின் மழைக்கோடையில், கூடத்துக்குள் ஈரம் மிகுந்தபோது மரத்தின்மேல் அமில உப்புகள் பூத்தன. மரத்தில் சேர்ந்திருந்த கந்தகமும் துருப்பிடித்த இரும்பாணிகளும் அதற்குக் காரணம். பின்னர் ஆயிரக்கணக்கான ஆணிகளைத் துருப்பிடியா உலோக ஆணிகளாக மாற்ற நேர்ந்தது. பிரிஸ்டல் நகரில் உள்ள கிரேட் பிரிட்டன் என்னும் இரும்புக் கப்பலுக்கோ வேறொரு வழி கண்டனர். 1843இல் நீரில் இறங்கிய அதன் அடிப்பகுதியைச் சுற்றிக் கண்ணாடித் தளம் அமைத்து, உள்ளேயிருக்கும் காற்றின் ஈரப்பதத்தை ஏறத்தாழ 20 விழுக்காட்டில் நிறுத்தியுள்ளனர். அந்நிலையில் அரிப்பு அடங்கிவிடுகிறது. நம் நாட்டுக் காற்றிலோ ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். அதை 20க்கு இறக்கி இரவும் பகலும் காப்பதற்கு ஆகும் மின்செலவை ஒரு சிற்றூர் அருங்காட்சியகம் தாங்காது.

நியூசிலாந்தின் பிக்டன் நகரில் நாம் பின்பற்றத்தக்க எடுத்துக்காட்டு ஒன்றுள்ளது. எட்வின் ஃபாக்ஸ் என்னும் கப்பல் 1853இல் வங்காளத்தின் சல்கியாவில் தேக்குமரத்தால் கட்டப்பட்டது. போர்வீரரையும் கைதிகளையும் குடியேறிகளையும் ஏற்றிச்சென்ற உழைப்பாளிக் கப்பல் அது. அதைப் பழைய பொலிவோடு புதுப்பிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, எஞ்சிய உடலை உலர்துறையில் ஏற்றிக் கூரையமைத்து, இருக்கும் நிலையிலேயே காட்டுகின்றனர். சிதைவும் வரலாற்றின் ஒரு பகுதியே என்று ஏற்றுக்கொண்டால் செலவு குறைகிறது, உண்மையும் கூடுகிறது.

3. பொருள் பேசுமா, பேசவைக்க வேண்டுமா?

மூலப்பொருள் இல்லாதபோதும் காட்சி அமையலாம் என்பதற்கு மலாக்கா சான்று. அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகமே ஒரு கப்பலின் வடிவில் நிற்கிறது. 34 மீட்டர் உயரமும் 36 மீட்டர் நீளமும் கொண்ட அது, புளோர் டி லா மார் என்னும் போர்த்துகீசியக் கப்பலின் மறுபடைப்பு. மூலக்கப்பல் 1511இல் மலாக்காவின் கொள்ளைப்பொருளை ஏற்றிச் செல்லும்போது சுமத்திராக் கரையோரம் மூழ்கிப்போயிற்று. மறுபடைப்பில் காக்கவேண்டிய பழைய மரமோ இரும்போ இல்லை. உள்ளூர்த் தச்சரே பழுதுபார்க்கலாம். மாணவர் ஏறி நடக்கலாம். இவை அதன் நன்மைகள். எனினும் உருவத்தை மட்டும் கண்டு திரும்பும் மாணவன் கொள்ளையிட்டவனின் கப்பலைத்தான் நினைவில் கொள்வான். அக்காலத்து மலாக்காவில் வாழ்ந்த தமிழ் வணிகரையோ, போர்த்துகீசியரோடு உடன்பட்டுப் பண்டகாரா பதவி பெற்ற நைனா சட்டுவையோ அவன் விளக்கப்பலகையின் வாயிலாகவே அறியக்கூடும்.

பலகை பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடலை விட்டுச் சற்றே நிலத்துக்கு வந்து காண்போம். ஏனெனில் அது தோட்டத் தமிழரைத் தொடும் செய்தி. தோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் உள்ள யூசுகான் அருங்காட்சியகத்தின் முகப்பில் சி 56 வகை நீராவி ரயில் இயந்திரம் ஒன்று நிற்கிறது. 1943இல் சயாம்-பர்மா ரயில் பாதையின் தொடக்க விழாவில் ஓடிய இயந்திரம் அது. அப்பாதையில் மாண்ட பல்லாயிரவருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் மிகப் பலர். அவ்வியந்திரத்தின் விளக்கவுரை அதனை ஓட்டியோரையும் மீட்டுக் கொண்டுவந்தோரையும் நினைக்கிறதேயன்றி, பாதை போட்டு மடிந்தோரை நினைக்கவில்லை என்று கண்டவர் பலரும் சுட்டியுள்ளனர். பொருள் துலக்கமாகப் பேணப்பட்டிருக்கிறது. வரலாறோ பாதி மறைந்திருக்கிறது. நிலைபேறு என்பது துருப்பிடிக்காமல் காப்பது மட்டுமன்று.

4. ஒரு மணியும் ஒரு சொல்லும்

முழுக்கப்பல் இல்லாமலே கப்பலின் வரலாறு நிற்கக்கூடும். நியூசிலாந்தின் வெலிங்டன் நகரிலுள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல மணியின் மேற்பகுதி இருக்கிறது. ஒரு சாண் உயரமும் இல்லாதது. 19ஆம் நூற்றாண்டில் மாவோரி மக்கள் அதைச் சமைக்கும் கலமாகப் பயன்படுத்தி வந்ததை வில்லியம் கொலென்சோ என்னும் சமய ஊழியர் கண்டெடுத்தார். அதன் விளிம்பில் பொறிக்கப்பட்டிருப்பது தமிழ் எழுத்து; கப்பலுக்கு உடையவரான ஓர் இசுலாமியத் தமிழரின் பெயரை அது தாங்கியுள்ளது. அந்த மணி தொங்கிய கப்பலைக் கண்டவர் எவருமிலர். ஆயினும் அவ்வெழுத்தே அம்மணியை இந்தியப் பெருங்கடலின் வணிகத்தோடு இணைக்கிறது. பொருளைப் பேசவைத்தது அதன் அளவன்று, அதன் மொழி.

நம் தோட்டங்களில் எஞ்சியிருப்பவற்றை இக்கண்கொண்டு நோக்குவோம். முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் வேலைக்கூட்டத்தை மேற்பார்த்தவரைத் தண்டல் என்றனர். தமிழ்க் கடற்கரையில் தண்டல் என்பது படகுத் தலைவனையும் மாலுமிகளின் சிறு தலைவனையும் குறிக்கும். கடலின் பணிப்பெயர் ஒன்று ரப்பர்க் காட்டுக்குள் ஒலித்திருக்கிறது. கப்பல் என்னும் நம் சொல்லோ மலாய்மொழியில் காப்பால் ஆகி இன்றும் நாடெங்கும் வழங்குகிறது. இவற்றைக் காட்சிக்கு வைக்கக் குளிர்சாதனம் வேண்டுவதில்லை, துருவும் அணுகாது.

அடுத்தவை கைப்பொருள்கள். கப்பலில் வந்த தகரப் பெட்டி, பித்தளைச் செம்பு, கடப்பிதழ், பிரட்டுக்கு அழைக்கத் தட்டிய தண்டவாளத் துண்டு, பால் கட்டியைத் தகடாக்கிய உருளை இயந்திரம் என இப்பட்டியல் நீளும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டும், நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரங்களில் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியும் வருங்காலத்தில் இவை பழைய இரும்புக் கடைக்கே போய்ச் சேர்கின்றன.

5. நமக்கேற்ற காட்சி அமைப்பு

இனி இம்மாநிலத்தில் கடற்பயணக் காட்சியொன்று அமையுமாயின் அது எவ்வாறு இருத்தல் நலம்?

முதலாவது, காட்சி முழுவதற்கும் ஒரே மையக்கருத்து வேண்டும். அமெரிக்க அறிஞர் ஃபிரீமன் டில்டன் 1957இல் வெளியிட்ட நூலில், தகவலை அடுக்குவது விளக்கமாகாது, காண்பவரின் வாழ்வோடு பொருளை இணைப்பதே விளக்கம் என்னும் கருத்தை நிலைநாட்டினார். நமக்குரிய மையக்கருத்து, “ஒரு வாரக் கடற்பயணம் ஒரு மக்கள்கூட்டத்தின் நாட்டையே மாற்றியது” என்பதாக இருக்கலாம். இக்கருத்தோடு ஒட்டாத பொருள், எவ்வளவு பெரிதாயினும், வேறிடத்துக்கு உரியது.

இரண்டாவது, அளவை உணர்த்தப் பொருளின் பருமன் தேவையில்லை. கப்பலின் தளத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த இடத்தைத் தரையில் கோடிட்டுக் காட்டி, அதில் ஒரு பாயும் ஒரு பெட்டியும் வைத்தால் போதும். மாணவர் அதில் அமர்ந்து பார்க்கட்டும். கண்ணாடிக்குப் பின்னிருக்கும் மாதிரிக் கப்பலைவிட அது மிகுதியாக உணர்த்தும்.

மூன்றாவது, தட்பவெப்பத்தோடு போராடாமல் அதனோடு இயைந்து கட்டுதல் வேண்டும். பகலில் குளிரூட்டி இரவில் நிறுத்தும் வழக்கம் பொருளுக்குத் தீங்கு. ஈரப்பதம் ஏறியிறங்க ஏறியிறங்க மரம் வெடிக்கும், உலோகத்தில் நீர் கோக்கும். மாறாக, அகன்ற தாழ்வாரமும் உயர்த்திய தரையும் எதிரெதிர்ச் சாளரங்களும் உள்ள கட்டடத்தில் உறுதியான பெரும்பொருள்களை நிழலில் நிறுத்தலாம். மண்ணில் படாமல் மேடையேற்றி, நீர் தேங்காமல் சாய்வு கொடுத்து, மெழுகோ எண்ணெய்ப் பூச்சோ காலமுறைப்படி இடவேண்டும். கடலடியில் கிடந்த இரும்பு இதற்கு விலக்கு. அதனுள் ஊறிய உப்பைக் காரக் கரைசலில் ஆண்டுக்கணக்கில் வெளியேற்றிய பின்னரே காற்றில் வைக்கலாம். அது வல்லுநர் பணி. தாள்களையும் துணிகளையும் மட்டும் ஒரு சிறு மூடிய பேழையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்தால், ஓர் அறை முழுவதையும் குளிரூட்டும் செலவு மிஞ்சும்.

நான்காவது, விளக்கப்பலகை. தலைப்பைப் படித்தவுடன் மையச்செய்தி விளங்க வேண்டும். அதன்கீழ் 50 முதல் 70 சொற்களில் ஒரு பத்தி. மேலும் அறிய விரும்புவோர்க்குத் தனி ஏடு. பலகைகளைக் கழற்றி மாற்றும்படி அமைத்தால், புதிய செய்தி கிடைக்கும்போது காட்சி முழுவதையும் இடிக்க வேண்டியதில்லை. மலாய், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றும் இடம்பெறுதல் முறை. தமிழ்ப் பத்தி மொழிபெயர்ப்பாக இராமல் தமிழிலேயே எழுதப்பட வேண்டும். பிரட்டு, ஆயாக் கொட்டகை, தண்டல், லயம் என்னும் சொற்களை அகராதித் தமிழாக மாற்றிவிட்டால், அவற்றோடு வாழ்ந்தவர் தம் வரலாற்றை அப்பலகையில் அடையாளம் காணமாட்டார்.

ஐந்தாவது, திறப்புவிழாவுக்கு முன்பே பராமரிப்பு நாள்காட்டி எழுதப்பட வேண்டும். யார், எந்த மாதத்தில், எதைத் துடைப்பார், அதற்குப் பொருள் எங்கிருந்து வரும் என்பன விடையின்றி இருக்குமாயின், புதிய பொருளை ஏற்காதிருத்தலே நேர்மை. உலக அருங்காட்சியக மன்றம் 2022இல் பிராகு நகரில் ஏற்ற புதிய வரையறையில் நிலைபேறும் மக்களின் பங்கேற்பும் இடம்பெற்றிருப்பது இதனாலேயே.

6. பள்ளித் திடலில் ஒரு கப்பல்

இவற்றுக்கெல்லாம் கட்டடமும் நிதியும் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஆசிரியர் ஒருவர் அளவுநாடாவும் சுண்ணாம்பும் கொண்டு ரஜூலாவின் நீளத்தைத் திடலில் வரைய முயலட்டும். 140 மீட்டர் கோடு காற்பந்துத் திடலைக் கடந்து வேலிக்கு வெளியே போகும். 100 மாணவர் பயிலும் பள்ளியொன்றை எண்ணி, அத்தகைய 50 பள்ளிகள் அக்கோட்டுக்குள் ஒரு வாரம் உண்டு உறங்கியிருந்தால் எப்படியிருக்கும் என்று மாணவர் கணக்கிடட்டும். நெகிரி செம்பிலானில் உள்ள தமிழ்ப்பள்ளிகளே ஏறத்தாழ 60தான்.

அதைவிட விரைந்து செய்யவேண்டிய பணியொன்றுண்டு. ரஜூலாவின் கடைசிப் பயணங்கள் 1973இல் நிகழ்ந்தன. அப்போது 10 வயதுக் குழந்தையாய்த் தளத்தில் ஓடியாடியவர் இன்று 60ஐக் கடந்தவர்; இளம்பெண்ணாய் வந்தவர் 70ஐயும் 80ஐயும் கடந்தவர். கப்பலின் வரைபடம் ஆவணக்காப்பகத்தில் கிடைக்கலாம். எந்தத் தளத்தில் எதன் நாற்றம் அடித்தது, சோறு எந்தப் பாத்திரத்தில் வந்தது, கடல் கொந்தளித்த இரவில் யார் யாருடைய குழந்தையைத் தூக்கிக்கொண்டார் என்பவை அவர்கள் நெஞ்சில் மட்டுமே உள்ளன. மாணவர்கள் தம் தாத்தா, பாட்டியிடமும் லயத்துப் பெரியவர்களிடமும் இசைவு பெற்று அவற்றைப் பதிவுசெய்யட்டும். பதிந்த நாளையும் இடத்தையும் குறிக்கட்டும். அவர்கள் சொன்ன சொல்லைத் திருத்தாமல் எழுதட்டும். பெட்டியையும் செம்பையும் வாங்கிவர வேண்டாம். படமெடுத்து, அளந்து, கதையைக் கேட்டு, பொருளை அவர்களிடமே விட்டுவிடலாம்.

நாசாவ் 389 ஆண்டுகள் கடலடியில் காத்திருந்தது. இப்பெரியவர்களால் அவ்வாறு காத்திருக்க இயலாது. வரும் பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு பள்ளியும் ஐந்து பேரின் பயணத்தைப் பதிவுசெய்தாலும், இம்மாநிலத்தில் ஏறத்தாழ 300 வாக்குமூலங்கள் திரளும். எதிர்காலத்தில் காட்சிக்கூடம் அமைக்க வருவோர்க்கு அதைவிடப் பெரிய பொருள் வேறொன்றும் கிடைக்கப்போவதில்லை.